கரட்டுத்தெருவுக்குப் போன பேனர்

ஒரு ஊரில் ஒரு பேனர் இருந்தது.

எந்த ஊர், எந்த மறைமாவட்டம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் எங்கள் ஆட்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். சொல்லாமல் விட்டால் ஒவ்வொருவரும் பக்கத்து மறைமாவட்டத்தைப் பற்றிச் சொல்வதாக நினைத்து நிம்மதியாகச் சிரிப்பார்கள். நமக்கு எதற்கு வம்பு.

எங்கள் மறைமாவட்டத்துக்கு வருஷா வருஷம் மறுமலர்ச்சி வரும். மழை பொய்த்தாலும் அது பொய்க்காது. இளையோர் ஆண்டு, குடும்ப ஆண்டு, இரக்கத்தின் ஆண்டு, இறைவார்த்தை ஆண்டு என்று வரிசையாக வந்து வரிசையாகப் போயின. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு செபம், ஒரு பாட்டு, ஒரு பேனர் உண்டு. செபத்தைக் கொஞ்ச நாளில் விட்டுவிடுவோம். பாட்டில் பல்லவி மட்டும் ஞாபகம் இருக்கும். பேனர்தான் பாவம், வெயிலிலும் மழையிலும் கடைசிவரை நிற்கும்.

அந்த வருஷம் மேய்ப்புப்பணிக் குழுவினர் ஆயர் இல்லத்தில், அதாவது பிஷப் வீட்டில், நாள்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். மக்கள் கோயிலுக்கு வருவது குறைந்துகொண்டே போகிறது, என்ன செய்யலாம்? அவர்கள் நம்மைத் தேடி வராவிட்டால் நாம் அவர்களைத் தேடிப் போவோம் என்று முடிவெடுத்தார்கள். வீடு சந்திப்புதான் இந்த ஆண்டின் முன்னுரிமை. அருமையான முடிவு. எங்கள் முடிவுகளை யாரும் குறை சொல்ல முடியாது. முடிவெடுத்த களைப்பில் நாங்கள் உட்கார்ந்துவிடுவோம், அவ்வளவுதான்.

அப்படிப் பிறந்ததுதான் நம் பேனர். பங்குக் கோயில் வாசலில், ரோட்டைப் பார்த்து, இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவில் அதை இழுத்துக் கட்டினார்கள். நடுவில் ஆயர் ஆண்டகை ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். அவருக்குப் பக்கத்தில் பங்குத்தந்தை பெலவேந்திரன் சாமி, கொஞ்சம் சின்னதாக. கீழே பங்குப் பேரவை உறுப்பினர்கள் தபால்தலை அளவில் வரிசையாக. மிச்சமிருந்த மூலையில், ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இயேசு.

பேனருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, எவ்வளவு பெரிய மனுஷங்க எல்லாம் என் மேல இருக்காங்க" என்று தன்னைக் கட்டியிருந்த கயிற்றிடம் பீற்றிக்கொண்டது.

"மனுஷங்க இருக்கட்டும். உன் மேல என்னமோ எழுதியிருக்காமே, என்னது?" என்றது கயிறு.

பேனர் விழித்தது. தன் நெஞ்சில் எழுதியிருப்பதைத் தானே படிக்க முடியுமா? எதிரே டீக்கடை வாசலில் தொங்கிய பழைய தகர போர்டைக் கேட்டது. ஒரே தொழில் பார்க்கிற ஆள், பொய் சொல்லாது.

"'உங்கள் வீட்டுக்கு வருகிறோம்'னு போட்டிருக்கு" என்றது போர்டு.

"யார் வீட்டுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? என் மேல 'டீ, வடை'ன்னு எழுதியிருக்கு. உள்ள வந்தா டீயும் இருக்கும், வடையும் இருக்கும். வடை தீந்து போச்சுன்னா கடைக்காரர் ஒரு துண்டைப் போட்டு என் வடையை மறைச்சுடுவாரு. இல்லாததைச் சொன்னா கல்லெறி விழும் பாரு. உன் கதை எப்படியோ."

பேனருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்ப நான் கிளம்பணும். வீட்டுக்கு வர்றோம்னு ஊரறியச் சொல்லிட்டு இங்கேயே நின்னா எப்படி?"

கயிறு சிரித்த சிரிப்பில் கம்புகள் ஆடின. "எங்கடா கிளம்புற? வருகிறோம்னு எழுதினவங்களேதான் நீ நகராம இருக்க என்னை முடிச்சு போட்டு வச்சிருக்காங்க."

அன்றைக்குப் பேனர் ஒரு தீர்மானத்துக்கு வந்தது. இந்த ஆண்டு முடிவதற்குள் ஒரே ஒரு வீட்டுக்காவது போய்விட வேண்டும். மறைமாவட்டம் முழுவதிலும் அந்த வாசகத்தை அப்படியே நம்பியது அது மட்டும்தான் என்பது அதற்குத் தெரியாது.

பெலவேந்திரன் சாமி நல்லவர். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் தலையில் பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டத்து மதில், கிளைக்கிராமங்கள் என்று ஏகப்பட்ட பாரம். இதற்கு நடுவில், வீடு சந்திப்பை எப்படி நடத்துவது என்பதற்காக ஆயர் இல்லத்தில் நடந்த கூட்டங்களுக்குப் போய்வந்ததில் வீடுகளுக்குப் போக நேரமில்லாமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலு பேர் வந்து பேனரை அவிழ்த்தார்கள். "கயிறே, கிளம்பியாச்சு!" என்று பேனர் துள்ளியது. அது போய்ச் சேர்ந்த இடம் பக்கத்திலிருந்த பங்கு ஹால். பேரவைக் கூட்டத்துக்குப் பின்னால் வெறும் சுவர் தெரிந்தால் போட்டோவில் நன்றாயிருக்காதாம்.

பேரவைச் செயலர் இஞ்ஞாசி எழுந்தார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் காரியத்துக்கும் வழி வைத்திருப்பார்.

"சாமி, வீடு வீடாப் போனா முடியற காரியமா? ஒரு வீட்டுல காபி குடிச்சிட்டு அடுத்த வீட்டுல குடிக்கலேன்னா அவங்களுக்கு மனக்கசப்பு. அந்தத் தெருவுக்கு முதல்ல போனாரு, எங்க தெருவுக்குக் கடைசியா வந்தாருன்னு அது வேற பேச்சு. அதனால எல்லாரையும் ஹாலுக்கு வரச் சொல்லிடுவோம். வீடு சந்திப்பை இங்க வச்சே முடிச்சிடலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். இதையெல்லாம் நான் இட்டுக்கட்டுவதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்கள் நினைக்க மாட்டார்கள்.

பேனர் மட்டும் கைதட்டவில்லை. மேடையிலிருந்த மைக்கிடம் கிசுகிசுத்தது. "அண்ணே, வீட்டுக்கு வருகிறோம்னுதானே என் மேல இருக்கு? இது ஹால் இல்லையா?"

"தம்பி, நான் தினமும் 'அன்பார்ந்தவர்களே'ன்னு சொல்றேன்" என்றது மைக். "இவங்கள்ல ஒருத்தரையாச்சும் எனக்குத் தெரியுமா? வாயில வர்றதைச் சொல்லிட்டுப் போயிட்டே இருக்கணும். ரொம்ப யோசிச்சா ஊளைச் சத்தம் வந்துடும்."

குறித்த நாளில் ஹால் நிரம்பியது. வீட்டை மந்திரிக்க வேண்டுமே, வீட்டைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? ஆகவே சிலர் செல்போனில் வீட்டைப் படம் பிடித்து வந்தார்கள். சிலர் வீட்டுச் சாவியைக் கொண்டுவந்தார்கள். புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் பையில் ஒரு செங்கல்லையே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பெலவேந்திரன் சாமி வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். "ஐயோ, எனக்குத் தண்ணி ஆகாது" என்று செல்போன்கள் அலறியது யார் காதிலும் விழவில்லை.

வரிசையின் கடைசியில் சலேத்து மேரி நின்றாள். கையில் ஒரு பழைய சட்டையை மடித்து வைத்திருந்தாள்.

"இது யாரு சட்டைம்மா?" என்றார் சாமி.

"எங்க வீட்டுக்காரருது சாமி. எஸ்தாக்கி. தென்னையில இருந்து விழுந்து இடுப்பு போச்சு. எந்திரிக்க முடியாது."

சாமி சட்டையின் மேல் கை வைத்து உருக்கமாகச் செபித்தார். தீர்த்தம் தெளித்தார். சலேத்து நகரவில்லை.

"சட்டைக்கு இல்ல சாமி. ஆளுக்கு நன்மை குடுக்கணும். பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கணும்னு நெதமும் கேக்கறாரு. கரட்டுத்தெருவுல கடைசி வீடு. ஒருவாட்டி வந்துட்டுப் போயிடுங்க."

பாவசங்கீர்த்தனம் என்றால் சாமியிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது; நன்மை என்றால் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

சாமியின் முகம் வாடியது. உண்மையாகவே வாடியது. வாய் திறப்பதற்குள் இஞ்ஞாசி முந்திக்கொண்டார். "வர முடியாதவங்களுக்குன்னே இரண்டாம் கட்டம் வச்சிருக்கோம்மா."

"அது எப்பங்க?"

"முதல் கட்டம் முடிஞ்சதும்."

"இது எப்பங்க முடியும்?"

"மதிப்பீட்டுக் கூட்டம் நடந்தாத்தான் முடிஞ்சதா அர்த்தம்."

"கண்டிப்பா வர்றேம்மா" என்றார் சாமி. மேடையில் தொங்கிய பேனர் அதைக் கேட்டது. இது நம்ம வீடு, இந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று அது மனசில் குறித்துக்கொண்டது.

மதிப்பீட்டுக் கூட்டம் ஆயர் இல்லத்தில் பிரமாதமாக நடந்தது. மறைமாவட்டத்திலேயே அதிகமான வீடுகளைச் சந்தித்த பங்கு எங்கள் பங்குதான். சாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதோடு ஆண்டு முடிந்துபோயிற்று. இரண்டாம் கட்டம் என்ற ஒன்று இருந்ததை எல்லோரும் மறந்துபோனார்கள், சலேத்துவையும் பேனரையும் தவிர.

புது ஆண்டுக்குப் புது பேனர் வந்தது. பசுமை ஆண்டு. ஆண்டகை அதே மாதிரி கைகூப்பியிருந்தார். பக்கத்தில் ஒரு மரக்கன்று. 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஹாலிலிருந்து கழற்றி வாசலில் போட்டிருந்த பழைய பேனர் தரையில் கிடந்தபடி அதைத் தடவிப் பார்த்தது. "ஏம்ப்பா, நீ எதுல செஞ்சது?"

"பிளாஸ்டிக்லதான்" என்றது புதுசு, கூச்சமே இல்லாமல்.

"உன் மேல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"எனக்கெதுக்குண்ணே அது? நல்ல கலரா இருக்கேன்ல?"

நாமும் இப்படித்தானே வந்து நின்றோம் என்று பழைய பேனருக்குத் தோன்றியது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு வீட்டுக்குப் போகாமலே வாழ்நாள் முடிந்துவிட்டது.

அப்போதுதான் சலேத்து வந்தாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவள் சாமியைப் பார்க்க வந்தாள். சாமி மரக்கன்று நடுவது பற்றிய கூட்டத்துக்குப் போயிருந்தார். இஞ்ஞாசிதான் வாசலில் நின்று புது பேனருக்குக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கீழ கெடக்குற அந்தப் பேனரைக் குடுத்தீங்கன்னா எடுத்துட்டுப் போவேன். கட்டிலுக்கு நேரா கூரை ஒழுகுது. அவரை நகத்தவும் முடியல."

"தாராளமா எடுத்துக்கம்மா. பசுமை ஆண்டு. எதையும் வீணாக்கக் கூடாது" என்றார் இஞ்ஞாசி. சொல்லிவிட்டு, ஆண்டின் முதல் நற்செயல் தன்னுடையதுதான் என்ற திருப்தியோடு ஏணியில் ஏறினார்.

சலேத்து பேனரைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். கயிறும் கூடவே வந்தது. கடை, பள்ளிக்கூடம், கல்லுப்பாதை எல்லாம் தாண்டி, கரட்டுத்தெருவின் கடைசி வீடு வரைக்கும் பேனர் வாயைத் திறக்கவில்லை. பேசினால் யாராவது திரும்பிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம்.

அது கீற்று வேய்ந்த வீடு. கட்டிலுக்கு மேலே கீற்று மக்கிப்போய், மூங்கில் வரிச்சு மட்டும் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ஏறி, மக்கியதை அள்ளிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் பேனரை விரித்தார். வெள்ளைப் பக்கம் மேலே இருந்தால் வெயில் இறங்காது என்று, அச்சடித்த பக்கத்தை வீட்டுக்குள் பார்க்கிற மாதிரி போட்டுக் கட்டினார்.

பக்கத்திலிருந்த பழைய கீற்று பேனரை ஏற இறங்கப் பார்த்தது. "வருகிறோம்னு சொன்ன ஆளு நீதானா? ரொம்ப நாளாச்சே."

"கூட்டம் இருந்துச்சு" என்றது பேனர். வேறு என்ன சொல்லும்?

கீழே கட்டிலில் எஸ்தாக்கி மல்லாந்து கிடந்தார். அவரால் அப்படித்தான் கிடக்க முடியும். கண்ணுக்கு நேரே ஆண்டகையும் சாமியும் பேரவையும் வந்து இறங்கியதைப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். "உங்கள்... வீட்டுக்கு... வருகிறோம்." அப்புறம் இருமல் வரும்வரை சிரித்தார்.

"ஏ சலேத்து, ஆண்டகையே வந்துட்டாரு. காபியைப் போடு."

பேனருக்குப் பெருமை தாங்கவில்லை. சொன்னபடி வந்துவிட்டது. அன்றைக்குப் பெய்த மழையில் ஒரு சொட்டுகூடக் கட்டில்மேல் விழவில்லை. இனி யார் என்ன சொல்ல முடியும்?

அந்தப் பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை. எஸ்தாக்கி தினமும் கண் விழித்ததும் "தோத்திரம் சாமி" என்பார். அச்சடித்த சாமி சிரித்துக்கொண்டே இருக்கும். "அண்ணனோட பேச்சுவார்த்தை இல்லாமலே அவனைப் பொதைச்சிட்டோம் சாமி. அது ஒண்ணுதான் நெஞ்சுல கெடந்து அறுக்குது. அதைச் சொல்லிட்டு நன்மை வாங்கிட்டேன்னா நிம்மதியாப் போயிடுவேன்" என்பார். அதற்கும் சாமி சிரிக்கும். எஸ்தாக்கி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

"இந்த மனுஷன் பேசறதைக் கேக்க முடியல" என்றது பேனர் கயிற்றிடம். "இவருக்குப் பதில் சொல்ல என்கிட்ட என்ன இருக்கு? என் மேல இருக்கறதெல்லாம் மை. வர்றோம்னு சொன்னது நான் இல்ல, அவங்க. வந்தது அவங்க இல்ல, நான்."

கயிறு முதல் தடவையாகக் கேலி பண்ணவில்லை. "மழையை மட்டும் தடு" என்றது. "அதுதான் உன்னால ஆகும்."

அடுப்புப் புகை ஏறி ஏறி ஆண்டகையின் முகம் கறுத்தது. சாமியின் கன்னத்திலும் கரி படிந்தது.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா எஸ்தாக்கியின் படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட வருவாள். கவர்மெண்டு ஆள், அவளுக்கு மறுமலர்ச்சி எதுவும் கிடையாது. மாசம் பிறந்தால் வந்துவிடுவாள். அவள் ஒரு நாள் அண்ணாந்து பார்த்துச் சிரித்து, நோயாளியையும் கூரையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாள். படம் ஊரெல்லாம் சுற்றி இஞ்ஞாசியின் போனுக்கு வந்து சேர்ந்தது.

இஞ்ஞாசிக்கு வேர்த்துவிட்டது. மறுவாரம் ஆண்டகை பங்கைப் பார்வையிட, விசாரணைக்கு வருகிறார். இந்த நேரத்தில் ஆண்டகை முகத்தில் கரி பூசி ஊரெல்லாம் காட்டினால் என்ன அர்த்தம்? இஞ்ஞாசி சாமியிடம் ஓடினார். "சாமி, திருச்சபைக்கே அவமானம். இப்பவே போய் அதைக் கழட்டியாகணும்."

படத்தைப் பார்த்த பெலவேந்திரன் சாமி பதறிப்போனார். கையில் எடுத்திருந்த சோற்றைப் போட்டுவிட்டு எழுந்தார். உடனே வண்டியை எடுத்தார். இஞ்ஞாசி ஒரு கத்தியோடு பின்னால் ஏறிக்கொண்டார். ஒரு ஆண்டு முழுக்கக் கிடைக்காத நேரம் அன்றைக்கு எங்கிருந்தோ கிடைத்தது.

வண்டிச் சத்தம் கேட்டதும் பேனருக்கு விளங்கிவிட்டது. "கயிறே, நம்மள அறுக்க வர்றாங்க." மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பேனர் தனக்காகப் பயப்படவில்லை. தன்னை எடுத்துவிட்டால் அந்த மனுஷன் மேல் மழை நேராக விழுமே என்று அடித்துக்கொண்டது.

இஞ்ஞாசி வெளியே நின்று எட்டிக் கயிற்றைப் பிடித்தார். சாமி வாசலில் குனிந்தார். நல்ல உயரமான மனுஷர். ரொம்பவே குனிந்தால்தான் உள்ளே வர முடிந்தது. உள்ளே வந்து நிமிர்ந்து மேலே பார்த்தார். கரி படிந்த கன்னத்தோடு அவரே அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணைக் கீழே இறக்கினார். கட்டிலில் ஒரு மனிதர் கிடந்தார்.

சலேத்து ஓடி வந்தாள். "தப்புன்னா எடுத்துடறேன் சாமி. மழைக்குத்தான் போட்டேன்."

சாமி கட்டிலின் பக்கம் போனார். "எத்தனை நாளாப் படுத்திருக்கீங்க?"

எஸ்தாக்கி யோசித்தார். "இளையோர் ஆண்டுல விழுந்தேன் சாமி. குடும்ப ஆண்டுல புண்ணு வந்துச்சு. இரக்கத்தின் ஆண்டுல கொஞ்சம் தேவலையா இருந்துச்சு, சக்கர நாற்காலி கெடைச்சா வந்துடலாம்னு பாத்தேன். இறைவார்த்தை ஆண்டுல ரெண்டு காலும் செத்துப்போச்சு."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆண்டின் செபத்தையும் சலேத்து கோயிலில் கேட்டு வந்து ரேடியோப் பெட்டி மாதிரி ஒப்பிப்பாள்; அவர் வருஷங்களைப் பிரித்துத் தெரிந்துகொண்டது அப்படித்தான். சாமிக்கு முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்தது. எஸ்தாக்கியின் கையைப் பிடித்தார்.

எஸ்தாக்கி ஒரு தடவை மேலே பார்த்தார், ஒரு தடவை கீழே பார்த்தார். இரண்டு முகமும் ஒன்றுதானா என்று சரிபார்த்துக்கொண்ட பிறகு சொன்னார்: "இத்தனை நாளா மேலே இருந்தே பாத்துக்கிட்டு இருந்தீங்க சாமி. இப்பத்தான் எறங்கி வந்திருக்கீங்க."

வெளியே முதல் தூறல் விழுந்தது. "சாமி, அறுத்துடவா?" என்று இஞ்ஞாசி குரல் கொடுத்தார்.

"அறுக்காதீங்க" என்றார் சாமி. "அந்த மூலை தொங்குது. இழுத்துக் கட்டுங்க."

"அப்ப ஆண்டகை வந்தா என்ன சொல்றது?"

"இங்க கூட்டிட்டு வருவோம். அவரும் பாக்கட்டும்."

இஞ்ஞாசி கத்தியைப் பையில் போட்டுவிட்டு, ஏணி கேட்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"நன்மை இப்ப கொண்டாரல" என்றார் சாமி எஸ்தாக்கியிடம். "வேற வேலையா வந்தேன். மழை விட்டதும் நானே போய் எடுத்துட்டு வர்றேன். அதுக்கு முன்னாடி உங்க பாவசங்கீர்த்தனத்தைச் சொல்லுங்க, கேக்கறேன்."

"அது கொஞ்சம் பெருசு சாமி. அண்ணன்ல இருந்து ஆரம்பிக்கணும். உங்களுக்கு நேரம் இருக்குமா?"

சலேத்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டிலை ஒட்டிப் பாயை விரித்துவிட்டு வெளியே போனாள். மழை வலுத்தது. பேனர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீரைத் தாங்கியது.

அச்சடித்த சாமி மேலேயே இருந்தார். இறங்கி வந்தவர் பாயில் உட்கார்ந்தார்.